கோர்ட் விடுவித்தது, ஊர் வாய் விடுவிக்கவில்லை
ஏழிசை மன்னர் தியாகராஜ பாகவதரின் வாழ்க்கைக் கதை

1943-ம் ஆண்டு "சிவகவி" என்ற படம் வெளிவந்தது. அது கோவையில், சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவான படம். அக்காலத்தில் சென்னைக்கு அடுத்தபடியாகப் படத்தொழில் செழித்திருந்த ஊர் கோவைதான். நடிகர்களைப் பார்ப்பதற்காகவே சுற்று வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு ஜனங்கள் வருவார்கள்.

அந்தப் படத்தில் மூன்று பேர் சேர்ந்து வேலை செய்தார்கள். கதாநாயகராக நடித்துப் பாடியவர் எம்.கே.தியாகராஜ பாகவதர். சிரிக்க வைத்தவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். டைரக்டர் ராஜா சாண்டோ தொடங்கிய படத்தை முடித்துக் கொடுத்தவர், கோவைப் பட முதலாளி எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடு.

மறு ஆண்டே இந்த மூன்று பேரும் ஒரே வழக்கில் சிக்கினார்கள். அது ஒரு கொலை வழக்கு. அந்த வழக்கு நடந்து 80 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் அதைப் பற்றிய பேச்சு மட்டும் இன்னும் ஓயவில்லை. அன்று திண்ணையில் பேசினார்கள். இன்று தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் படமாகக் காட்டுகிறார்கள். பேச்சு வளர்ந்த அளவுக்கு உண்மை வளர்ந்ததா? பாகவதரின் வாழ்க்கையைப் பார்த்தால் விடை தெரியும்.

மாயவரத்துச் சிறுவன்

பாகவதர் 1910-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி மாயவரத்தில் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரி. பொன் வேலை செய்யும் குடும்பம். பிழைப்புக்காகத் திருச்சியில் வந்து குடியேறினார்கள்.

பையனுக்குப் படிப்பில் நாட்டமில்லை. பாட்டில்தான் உயிர். திருச்சியில் ரயில்வே அதிகாரியாக இருந்த எப்.ஜி.நடேசய்யர், ரசிக ரஞ்சன சபா மூலம் நாடகங்கள் நடத்தி வந்தார். அவர் இந்தப் பையனின் குரலைக் கேட்டார். அரிச்சந்திரன் நாடகத்தில் மகன் லோகிதாசன் வேடத்தைக் கொடுத்தார். அப்போது தியாகராஜனுக்கு வயது சுமார் பத்து. பாம்பு கடித்து இறக்கும் பாலகனாக அவர் நடித்ததைக் கண்டு சபையே கண் கலங்கியது.

பிறகு முறைப்படி சங்கீதம் கற்றார். நாடக மேடைகளில் கதாநாயகன் ஆனார். "பவளக்கொடி" நாடகம் அவருக்குப் பெரும் புகழ் தந்தது. 1934-ம் ஆண்டு அதே நாடகம் சினிமாப் படமாக வந்தது. டைரக்டர் கே.சுப்பிரமணியம். அதுதான் பாகவதரின் முதல் படம்.

அதற்குப் பிறகு அவருக்கு ஏறுமுகம். 1937-ல் வந்த "சிந்தாமணி" ஓராண்டுக்கு மேல் ஓடியது. அதில் கிடைத்த லாபத்தைக் கொண்டு மதுரையில் ஒரு தியேட்டரே கட்டி, அதற்குச் சிந்தாமணி என்றே பெயர் வைத்தார்கள். "அம்பிகாபதி", "திருநீலகண்டர்", "அசோக்குமார்" என்று அடுத்தடுத்து வெற்றி.

அவரைப்போல் முடி வளர்ப்பது நாகரிகமாயிற்று. அதற்குப் பாகவதர் கிராப் என்று பெயர். பட்டு ஜிப்பா, காதில் வைரக் கடுக்கன், நெற்றியில் பொட்டு. அவர் போகும் ரயில் நிற்கும் ஸ்டேஷனில் எல்லாம் கூட்டம் நெரியும்.

1944-ம் ஆண்டு தீபாவளிக்கு "ஹரிதாஸ்" வெளிவந்தது. அதுவும் கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுத்த படம். சென்னை பிராட்வே தியேட்டரில் அது மூன்று தீபாவளிகளைக் கண்டது.

படம் தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகன் சிறைக்குள் போய்விட்டார்.

ஊர் வம்பே வியாபாரம்

அந்த நாளில் சென்னையில் சி.என்.லட்சுமிகாந்தன் என்று ஒருவர் இருந்தார். பத்திரங்களைப் போலியாகத் தயாரித்த குற்றத்துக்காக முன்பு தண்டனை அடைந்தவர். சிறையிலிருந்து வந்தபின் "சினிமா தூது" என்ற பத்திரிகையைத் தொடங்கினார்.

அதில் என்ன இருந்தது? நடிகர் நடிகைகளின் அந்தரங்கம் இருந்தது. யார் வீட்டுக்கு யார் போனார், யாருக்கு யாரோடு உறவு என்பதுதான் செய்தி. சாட்சி கிடையாது. ஆதாரம் கிடையாது. பெயர் மட்டும் உண்டு.

ஜனங்கள் அதை வாங்கினார்கள். வெளியில் திட்டிக்கொண்டே வாங்கினார்கள். ஒளித்து வைத்துப் படித்தார்கள். தங்களைப் பற்றி எழுதிவிடுவாரோ என்று பயந்து சினிமாக்காரர்கள் பலர் அவருக்குப் பணம் கொடுத்தார்கள்.

பாகவதர், கலைவாணர், ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் சட்டப்படி ஒரு காரியம் செய்தார்கள். சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப்புக்கு மனுக் கொடுத்தார்கள். அது யுத்த காலம். காகிதத்துக்குக் கட்டுப்பாடு இருந்தது. பத்திரிகை நடத்த அனுமதி வேண்டும். மனுவின் பேரில் "சினிமா தூது" பத்திரிகையின் அனுமதி ரத்தாயிற்று.

லட்சுமிகாந்தன் ஓயவில்லை. "இந்து நேசன்" என்ற வேறொரு பத்திரிகையை எடுத்துக்கொண்டார். பழைய வேலையைத் தொடர்ந்தார். சினிமாக்காரர்களோடு நில்லாமல், ஊரிலுள்ள மற்றப் பெரிய மனிதர்களைப் பற்றியும் எழுதினார். அவருக்குப் பகைவர்கள் பெருகினார்கள்.

ரிக்‌ஷாவில் சென்றவர்

1944-ம் ஆண்டு அக்டோபரிலேயே ஒருமுறை அவரைத் தாக்கினார்கள். தப்பிவிட்டார். நவம்பர் 8-ந் தேதி காலை சென்னை வேப்பேரியில் அவர் ரிக்‌ஷாவில் வந்துகொண்டிருந்தார். வழிமறித்துக் கத்தியால் குத்தினார்கள். இரத்தம் வடிய ஜெனரல் ஆஸ்பத்திரிக்குச் சென்றார். மறுநாள் இறந்தார்.

இங்கே ஒன்றை மறக்கக்கூடாது. லட்சுமிகாந்தன் எழுதியது தவறு. ஆனால் அவரைக் கொன்றதும் தவறுதான். எழுத்து பிடிக்கவில்லை என்றால் கோர்ட் இருக்கிறது. கத்தி எடுக்க யாருக்கும் உரிமை இல்லை. இக்கதையைச் சொல்லுகிற பலர், வேண்டியது கிடைத்தது என்பதுபோல் அவர் சாவைச் சிரித்துக்கொண்டே சொல்லுவதுண்டு. அதுவும் நியாயம் அல்ல.

போலீசார் பலரைக் கைது செய்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பாகவதரும் கலைவாணரும் கைதானார்கள். ஸ்ரீராமுலு நாயுடுவையும் வழக்கில் சேர்த்தார்கள். இவர்கள் கத்தியால் குத்தினார்கள் என்று போலீசாரே சொல்லவில்லை. ஆள் ஏவிக் கொல்லச் சதி செய்தார்கள் என்பதே குற்றச்சாட்டு.

ஒன்பது ஜூரிகள்

வழக்கு சென்னை ஐகோர்ட்டில் நடந்தது. கூட்டம் சொல்ல முடியாது. பாகவதரைப் பார்க்க வந்தவர்களே அதிகம். பத்திரிகைகள் பக்கம் பக்கமாக வெளியிட்டன. கொலை வழக்கு நடக்கிறது என்பதே மறந்து, புதுப் படம் வெளியானது போல ஜனங்கள் பேசிக்கொண்டார்கள்.

கொங்கு நாட்டிலும் இதே பேச்சுத்தான். மில் வாசலிலும், சந்தையிலும், டீக்கடையிலும் ஆளுக்கொரு தீர்ப்பு. ஸ்ரீராமுலு நாயுடு கோவைக்காரர். ஆகையால் இங்கே ஆவல் இன்னும் அதிகம். கோர்ட்டில் முதல் சாட்சி கூண்டில் ஏறும் முன்பே, ஊரில் பாதிப்பேர் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்கள்.

அந்த நாளில் ஜூரி முறை இருந்தது. ஊரில் உள்ள சாதாரண மனிதர்கள் சிலரைத் தேர்ந்தெடுத்து உட்கார வைப்பார்கள். சாட்சியத்தைக் கேட்டுவிட்டு, குற்றவாளியா இல்லையா என்று அவர்கள் சொல்ல வேண்டும். அதன் பேரில் நீதிபதி தண்டனை விதிப்பார். இந்த முறை இப்போது நம் நாட்டுக் கோர்ட்டுகளில் இல்லை.

ஜூரிகளும் மனிதர்கள்தானே? அவர்களும் அதே ஊரில் இருப்பவர்கள். அதே பேச்சு நடக்கிற தெருவில் நடப்பவர்கள். காதில் விழுந்ததை எல்லாம் கோர்ட் வாசலில் செருப்பைப் போலக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவது எளிதல்ல.

1945-ம் ஆண்டு மே மாதம் முடிவு வந்தது. ஸ்ரீராமுலு நாயுடு விடுதலை ஆனார். ஒன்பது ஜூரிகளில் ஆறு பேர் பாகவதரும் கலைவாணரும் குற்றவாளிகள் என்றார்கள். மூன்று பேர் இல்லை என்றார்கள். இருவருக்கும் தீவாந்தர சிட்சை விதிக்கப்பட்டது. ஆயுள் தண்டனையை அப்போது அப்படிச் சொல்லுவார்கள்.

பட்டு ஜிப்பா போட்டவர் கைதி உடை அணிந்தார். அப்பீல் செய்தார்கள். ஐகோர்ட் தள்ளிவிட்டது.

லண்டனிலிருந்து வந்த உத்தரவு

அப்போது நமக்குச் சுதந்திரம் இல்லை. கடைசிக் கோர்ட் லண்டனில் இருந்தது. அதற்குப் பிரிவி கவுன்சில் என்று பெயர். அங்கே அப்பீல் போயிற்று. ஐகோர்ட் இந்த அப்பீலை மறுபடியும் விசாரிக்க வேண்டும் என்று 1947-ல் பிரிவி கவுன்சில் உத்தரவிட்டது.

மறுபடியும் விசாரணை நடந்தது. பிரபல வக்கீல் எத்திராஜ் வாதாடினார். இந்தத் தடவை நீதிபதிகள் சாட்சியங்களை ஒவ்வொன்றாக எடை போட்டார்கள். அவற்றை நம்பித் தண்டிக்க முடியாது என்று கண்டார்கள். 1947-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி பாகவதரும் கலைவாணரும் விடுதலை அடைந்தார்கள். நாடு விடுதலை பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு அவர்கள் விடுதலை பெற்றார்கள்.

லட்சுமிகாந்தனைக் கொல்லச் செய்தவர் யார்? அது கோர்ட்டில் கடைசிவரை நிரூபணம் ஆகவில்லை. இறந்தவருக்கும் முழு நியாயம் கிடைக்கவில்லை.

மூவரும் மூன்று வழி

சிறையிலிருந்து வந்த கலைவாணர் மறுபடியும் எழுந்து நின்றார். "நல்லதம்பி", "மணமகள்" என்று படங்கள் வந்தன. சிறையில் பட்டதையும் சிரிப்பாகச் சொல்லக்கூடிய மனம் அவருக்கு இருந்தது. 1957-ம் ஆண்டு ஆகஸ்ட் 30-ந் தேதி காலமானார்.

ஸ்ரீராமுலு நாயுடு கோவையில் பட்சிராஜா ஸ்டூடியோவை நிறுவினார். 1950-ல் "ஏழை படும் பாடு" அங்கே தயாராயிற்று. பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோவின் நாவல் அது. ஒருமுறை சிறைக்குப் போனவனை அந்தப் பெயர் சாகும்வரை துரத்துவதுதான் கதை. 1954-ல் "மலைக்கள்ளன்" வந்தது. நாமக்கல் கவிஞரின் கதை. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தார்கள். ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் கோவைக்கு வந்தது. அந்தக் கதையைப் பல மொழிகளில் எடுத்தார் நாயுடு. இந்தியில் திலீப்குமார் நடித்த "ஆசாத்" அதுதான்.

பாகவதருக்கு மட்டும் பழைய நாள் திரும்பவில்லை. 1948-ல் "ராஜமுக்தி" எடுத்தார். ஓடவில்லை. "அமரகவி", "சியாமளா", "புதுவாழ்வு" என்று மேலும் நடித்தார். பெரிய வெற்றி எதுவும் இல்லை.

இதற்கு வழக்கு ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. காலம் மாறிவிட்டது. பாட்டுக்குப் பதில் வசனம் வந்துவிட்டது. புதிய நடிகர்கள் வந்துவிட்டார்கள். ஆனாலும் வழக்கு நடந்த காலத்தில் அவர் இழந்தவை சாதாரணமானவை அல்ல. புகழின் உச்சியில் இருந்த நாட்கள் அவை. பாடுகிறவனுக்கு அந்த வயது ஒருமுறைதான் வரும். விடுதலைத் தீர்ப்பு அந்த நாட்களைத் திருப்பிக் கொடுக்காது.

பொள்ளாச்சிக் கச்சேரி

படம் இல்லாவிட்டாலும் பாட்டு இருந்தது. கச்சேரிகளுக்குப் போனார். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உடம்பை அரித்தன. 1959-ம் ஆண்டு அக்டோபரில் பொள்ளாச்சியில் அவர் கச்சேரி நடந்தது. அதன்பின் உடல் நிலை மோசமாயிற்று. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். 15 ஆண்டுகளுக்கு முன் லட்சுமிகாந்தன் இறந்ததும் அதே ஆஸ்பத்திரியில்தான். நவம்பர் 1-ந் தேதி பாகவதர் மறைந்தார். வயது 49. அவர் நடித்த கடைசிப் படமான "சிவகாமி" மறு ஆண்டுதான் வந்தது.

இந்தச் சாவையும் சும்மா விடவில்லை. பொள்ளாச்சியில் யாரோ ஒருவர் பச்சிலை மருந்து கொடுத்தாராம், அதைச் சாப்பிட்டுத்தான் இப்படி ஆயிற்றாம் என்று ஒரு கதை உண்டு. அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திச் சொல்லுவார்கள். மருந்தா, சதியா என்று ஒரு கேள்வியையும் சேர்த்துவிடுவார்கள். பல ஆண்டு நீரிழிவால் வாடிய ஒரு மனிதர் நோயால் இறந்தார் என்று சொன்னால் யாருக்கும் சுவாரசியம் இல்லை!

கொலைச்சிந்து முதல் கைப்பேசி வரை

அந்தக் காலத்தில் நம் சந்தைகளில் கொலைச்சிந்து விற்பார்கள். எங்காவது கொலை நடந்தால் உடனே அதைப் பாட்டாகக் கட்டிச் சிறு புத்தகமாக அச்சடிப்பார்கள். ஒருவர் டேப்பைத் தட்டிப் பாடுவார். கூட்டம் கூடும். காலணா, அரையணாவுக்குப் புத்தகம் விற்கும். குற்றவாளி யார் என்று பாட்டிலேயே சொல்லிவிடுவார். கோர்ட் பிறகு என்ன சொன்னது என்பதற்கு வேறு புத்தகம் போடமாட்டார்.

இன்று டேப் இல்லை. அதற்குப் பதில் பின்னணிச் சங்கீதம் இருக்கிறது. உண்மைக் குற்றக் கதை என்று பெயர் சூட்டி, தொடர் தொடராகப் படம் எடுக்கிறார்கள். எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. சில படங்கள் சாட்சியத்தைத் தேடி, நிரபராதிகள் சிறையிலிருந்து வெளிவர உதவியதும் உண்டு. அமெரிக்காவில் 1988-ல் வந்த "தி தின் புளூ லைன்" என்ற படம் அப்படிப்பட்டது. போலீஸ்காரர் ஒருவர் கொலையில் தவறாகத் தண்டனை பெற்ற ஒருவர் மறு ஆண்டு விடுதலையாக அது துணை செய்தது.

ஆனால் பரபரப்புக்காக எடுப்பவை வேறு விதம். கத்திக்குத்தை நடிகர்களை வைத்து நடித்துக் காட்டுவார்கள். இருட்டில் ஒருவன் நிற்பான். அவன் முகம் சந்தேகப்பட்டவர் முகம்போல் இருக்கும். அது வெறும் சந்தேகம் என்று வாய் சொல்லும். கண் பார்த்ததை மனம் நம்பிவிடும். கொலைக்கு அரை மணி நேரம் கொடுப்பார்கள். விடுதலைத் தீர்ப்புக்கு அரை நிமிஷம் கொடுப்பார்கள். கடைசியில் உண்மை யாருக்குத் தெரியும் என்று ஒரு கேள்வியைப் போட்டு, விடுதலையான மனிதரைத் திரும்பவும் கூண்டில் ஏற்றிவிடுவார்கள். இறந்துபோனவர் எழுந்து வந்து மறுப்புச் சொல்லப் போவதில்லை.

செத்தவரின் குடும்பத்தை யாரும் கேட்பதில்லை. சந்தேகப்பட்டவரின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் என்ன பட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அவர்களுக்கு அது கதை அல்ல. வீட்டில் நடந்த இழவு.

பாகவதர் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. லட்சுமிகாந்தன் ஆதாரம் இல்லாமல் எழுதினார் என்று எல்லோரும் சொல்லுகிறோம். அவரைப் பற்றியும், அவரைக் கொன்றதாகச் சொல்லப்பட்டவர்களைப் பற்றியும் ஆதாரம் இல்லாமல் பேசுவதும் நாம்தான். அவர் பத்திரிகை நின்றுவிட்டது. அவர் செய்த வேலை நிற்கவில்லை. வாங்க ஆள் இருக்கும்வரை விற்க ஆள் இருப்பான். பத்திரிகையில் எழுதுகிறவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு.

பார்க்குமுன் கேளுங்கள்

இன்று இரவு உங்கள் வீட்டில் இப்படி ஒரு படம் ஓடலாம். குழந்தைகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அப்போது சில கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இதைச் சொல்லுகிறவர் நேரில் பார்த்தவரா, கேள்விப்பட்டவரா? கோர்ட் என்ன சொன்னது? மேல் கோர்ட் என்ன சொன்னது? குற்றம் சாட்டப்பட்டவர் தன் தரப்பைச் சொல்ல இடம் கொடுத்தார்களா? இறந்தவர் ஒரு மனிதர் என்பதை நினைவில் வைத்தார்களா?

இவற்றுக்குப் பதில் இல்லை என்றால், நீங்கள் பார்ப்பது வெறும் கொலைச்சிந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாகவதரின் பழைய பாட்டுகள் இன்றும் ஒலிக்கின்றன. கோவையில் படமான "சிவகவி"யின் பாட்டுகளைக் கொங்கு நாட்டுப் பெரியவர்கள் இன்றும் முணுமுணுப்பதைக் கேட்கலாம். அடுத்த முறை அந்தக் குரல் காதில் விழும்போது, பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் அவர் யார் என்று கேட்பார்கள். கொலை வழக்கில் சிறைக்குப் போனவர் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். வழக்கில் விடுதலை அடைந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால், அவர் தமிழ்நாட்டையே பாட்டால் கட்டிப்போட்ட கலைஞர் என்று சொல்லுங்கள். அவருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் அதுதான்.